நேர்நோக்கு

அமிழ்தினி இட்லியைப் பிட்டாள். வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் கை நின்றது. முகம் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பியது. ஜன்னலில் ஒன்றும் இல்லை. ஆனாலும் சிரித்தாள், கன்னத்தில் குழி விழும் அளவுக்கு.

சுவரிலிருந்து நீர் சொட்டும் ஓசை கேட்டது. ஒரே ஒரு சொட்டு.

"விழுந்துருச்சு," என்று சொல்லிவிட்டு இட்லியை வாயில் போட்டுக்கொண்டாள்.

பூபதி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மகளுக்கு நான்கு வயது ஆக இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

கூடத்தின் நான்கு சுவர்களிலும் விழிப்பூச்சு. பார்க்க வெறும் சுண்ணாம்பு போலத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத வில்லைகள் அதில் கோடிக்கணக்கில் கலந்திருக்கும். சுவர்கள் பகலெல்லாம் பார்க்கும். பார்த்ததை எல்லாம் சேர்த்து வைத்தால் அதை உட்கார்ந்து பார்க்க இன்னொரு ஆயுள் வேண்டும். அதனால் தேர்வி என்றொரு பொறி, நாளொன்றுக்கு இருபது முப்பது கணங்களை மட்டும் எடுத்துப் படமாக்கும். ஒரு கணம் தேறினால் ஒரு சொட்டுச் சத்தம்.

கோயம்புத்தூரில் விழிப்பூச்சு இல்லாத வீடு இப்போது அரிது. கல்யாண மண்டபம், பிரசவ அறை, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் அதுதான். கேமரா வைத்திருப்பவர் யாரும் இல்லை. ஸ்டுடியோக்கள் பிரியாணிக் கடைகளாகிவிட்டன.

படங்கள் அழகாக இருந்தன. அதை யாரும் மறுக்க முடியாது. ஒருவரும் விறைத்து நிற்கவில்லை, பல்லைக் காட்டவில்லை. எல்லோரும் தங்கள் வேலையில் இருந்தார்கள். தெருமுனையில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில்கூட, இறந்தவர் பக்கவாட்டில் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வந்த சிரிப்பு எது, வரவழைத்த சிரிப்பு எது என்று பிரிப்பதுதான் பத்து வருடம் பூபதியின் பிழைப்பு. அமிழ்தினியுடையது வரவழைத்தது. அவள் மட்டும் இல்லை. அவளைப் பள்ளியில் விடப் போகும்போது பார்த்திருக்கிறான். இருபத்திரண்டு பிள்ளைகள். கொஞ்சம் அமைதியானால் போதும், ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு காரணமில்லாமல் சிரிப்பார்கள். சொட்டு விழும். ஆசிரியை அதை நல்ல பழக்கம் என்றாள்.

அவன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது அமிழ்தினி திரைப்பலகையில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா. அம்மாவுக்கு எம்மேல கோவமா?"

"இல்லியே. யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அம்மா என்னையப் பாக்கவே மாட்டேங்குறாங்க."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு படத்தில் சுகந்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள், கண் துணியில். டீ குடித்தாள், கண் வாசலில். அடுத்ததில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

"இதுல உன்னையத்தானே பாக்குறாங்க?"

"அது பாப்பாவா இருந்த அமிழ்து. நான் இங்க இருக்கேன்ல?"

அமிழ்தினி அடுத்த படத்தைத் தள்ளினாள்.

"கோவமாவே போயிட்டாங்களா?"

"இல்ல கண்ணு."

"அப்பறம் ஏன்?"

சுகந்தி போய்ப் பதினான்கு மாதங்கள். காய்ச்சல். ஐந்து நாள். அதன்பின் பூபதி வேலைக்குப் போனான், வந்தான், சமைத்தான், மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டான். யாரும் குறை சொல்ல முடியாதபடி எல்லாம் நடந்தது. அழுதாயா என்று மைத்துனன் ஒருமுறை கேட்டான். நேரம் கிடைக்கவில்லை என்று இவன் சொன்னான். அது உண்மைதான் என்று நினைத்தான்.

அன்று விடுப்பு போட்டான். சுகந்தியின் படங்கள் ஒன்பதாயிரத்துச் சொச்சம் இருந்தன. எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும்போது மகளைக் கூட்டிவரும் நேரமாகிவிட்டது. அவள் நேராகப் பார்க்கும் படம் ஒன்றுகூட இல்லை.

ஏன் என்று அவனுக்குத் தெரியும். அந்த விதியை எழுதியவனே அவன்தான்.

*

இருபது வயதில் தொடங்கியது. கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுக்கப் போனான். காதுகுத்து, முதல் பிறந்தநாள், புதுமனை புகுவிழா. கல்யாணத்துக்கு மட்டும் போகமாட்டான். அங்கே பிள்ளைகளைக் கவனிக்க விடமாட்டார்கள். அவனுக்குப் பிள்ளைகள்தான் வேண்டும். பிள்ளைகளும் அவர்களைச் சுற்றி இருப்பவர்களும்.

அவனுக்கு ஒரே எதிரி, பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குகிறவர்கள். "இங்க பாரு, இங்க பாரு, மாமாவப் பாரு, காக்கா பாரு." ஓடிக்கொண்டிருந்த குழந்தை நின்று லென்ஸைப் பார்க்கும். முகம் உறைந்துவிடும். தகப்பன் வயிற்றை உள்ளிழுப்பான். பெரியப்பா கூலிங்கிளாஸ் எடுத்து மாட்டுவார். எல்லாம் போயிற்று.

அவன் காத்திருப்பான். எடுத்தாயிற்று என்று பொய் சொல்வான். எல்லோரும் கலைவார்கள். ஒருத்தி தம்பி மூக்கைத் துடைப்பாள். ஒருவர் உட்கார இடம் தேடுவார். மொட்டை அடித்த குழந்தை தன் தலையைத் தானே தடவிப் பார்த்து ஆச்சரியப்படும். அப்போது எடுப்பான். அந்தப் படங்களைப் பார்த்துத் தாய்மார்கள் அழுதிருக்கிறார்கள். வ.உ.சி. பூங்காவில் ஒரு மார்கழிக் காலையில், அப்பாவின் சட்டைப்பைக்குள் எதையோ தேடும் ஒரு பெண்குழந்தையை எடுத்தான். அவனுக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

விழிப்பூச்சு நிறுவனம் அவனைத் தேடி வந்தது. சுவர் எல்லாவற்றையும் பார்க்கும், எது நல்ல படம் என்று அதற்குத் தெரியாது, நீங்கள் கற்றுக்கொடுங்கள் என்றார்கள். அவன் அதுவரை எடுத்த நாற்பதாயிரம் படங்களையும் கொடுத்தான். ஒவ்வொன்றிலும் தேறியது, கழிவு என்று குறிக்க வேண்டும். வேலை ஏழு வாரம் நடந்தது.

அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. சுகந்தி முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள்.

"ஏங்க, இது நல்லாத்தான இருக்குது? எதுக்கு கழிவுல போட்டீங்க?"

ஒன்பது பேர் இரண்டு வரிசையில் நிற்கும் குடும்பப் படம். பழைய கால முறை.

"கண்ணு லென்ஸ்ல இருக்கு."

"இருந்தா?"

"போஸ் குடுக்குறாங்க. அது அவங்க இல்ல."

"அடப் போங்க. ஒம்போது பேரு உங்களையே பாத்துட்டு நிக்கிறாங்க. கூச்சமா உங்களுக்கு?"

அவன் சிரித்துக்கொண்டே அடுத்ததற்குப் போனான். அதையும் கழித்தான். லென்ஸைப் பார்த்த ஒவ்வொரு முகத்தையும் கழித்தான். பொறி அதை நன்றாகக் கற்றுக்கொண்டது. நேர்நோக்கு என்று பெயர் வைத்தது. நான்கில் ஒரு சுவரை ஒரு முகம் நேராகப் பார்த்தாலும் அந்தக் கணம் கழிந்துவிடும். பொறியாளர்கள் அதைப் பூபதி விதி என்று அழைத்தார்கள். அவனுக்குப் பெருமையாக இருந்தது.

முதல் பூச்சைச் சோதனைக்கு அவன் வீட்டில்தான் அடித்தார்கள்.

*

நஸ்ரின் விழிப்பூச்சு நிறுவனத்தின் பீளமேட்டு அலுவலகத்தில் தரவுக் கிடங்குக்குப் பொறுப்பு. பூபதியைவிட ஐந்து வயது இளையவள். சுகந்தி நேராகப் பார்க்கும் படம் வேண்டும் என்று அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பினாள்.

"படத்துல கண்ணை நேராத் திருப்பித் தந்துர்றேண்ணா. ரெண்டு நிமிஷ வேலை. அண்ணியோட ஒம்போதாயிரம் படம் இருக்கே, அசல் மாதிரியே வரும்."

"திருப்பினா அவ யாரைப் பாப்பா?"

"புரியலண்ணா."

"நீ திருப்புன பக்கம் பாப்பா. அது வேண்டாம்."

"கழிச்ச படமெல்லாம் ஒரு மாசத்துல அழிஞ்சிரும். உங்களுக்கே தெரியும்."

"தெரியும். கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன்."

அவன் எழுந்தான். நஸ்ரின் எழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, உக்காருங்க. உங்க வீட்டுது அழியாது."

"ஏன்?"

"சோதனை வீடுல்ல. ஒவ்வொரு புதுத் தேர்விக்கும் எது தப்புன்னு முதல்ல காட்டணும். எதிர்மாதிரி. அதுக்கு உங்க வீட்டுக் கழிவைத்தான் வெச்சிருக்கோம். முதல் நாள்லருந்து."

அவன் உட்கார்ந்தான்.

"நான் வேலைக்குச் சேந்த அன்னிக்கே அண்ணி முகம் எனக்குத் தெரியும்ணா. பயிற்சியில அதான் முதல் பாடம். உங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தப்ப நேர்ல பாத்து சிரிச்சிட்டேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அறுநூற்றுப் பதினொரு படங்கள்.

பெரும்பாலும் மதியம் ஒரு மணி. அந்த நாட்களில் பூபதி சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகத்தில் உட்கார்ந்து அன்று வீட்டில் தேறிய படங்களைப் பார்ப்பான். அது சுகந்திக்குத் தெரியும். சுவர் வழியாக அவன் பார்க்கிறான் என்று அவள் நினைத்திருக்கிறாள். தேர்வி நடுவில் இருப்பதை அவன் விளக்கிச் சொன்னதில்லை.

கைக்குழந்தையைத் தூக்கிச் சுவருக்குக் காட்டுகிறாள். குழந்தையின் கீழுதட்டை விரலால் இழுத்து, முளைத்த பல்லைக் காட்டுகிறாள். புதுச் சேலையின் முந்தானையை விரித்து, எப்படி என்று புருவத்தைத் தூக்குகிறாள். ஒன்றில் நாக்கைத் துருத்துகிறாள். ஒன்றில் அழுதிருக்கிறாள், ஏன் என்று தெரியவில்லை. ஒன்றில் தோசை கருகிவிட்டது.

சாயந்திரம் அவன் வந்ததும் சில நாள் கேட்பாள். "மத்தியானம் படம் பாத்தீங்களா?"

"பாத்தேன். நல்லாருக்கு."

அவளும் சிரிப்பாள். பல்லைப் பற்றி அவன் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று அவள் நினைத்திருக்கலாம். அவளாகக் கேட்டதில்லை. இரண்டு வருடம் போனபிறகு படங்கள் குறைந்தன. வாரத்துக்கு ஒன்று. பிறகு மாதத்துக்கு ஒன்று.

நாட்டிலுள்ள ஒவ்வொரு தேர்வியும் கற்கத் தொடங்கும்போது முதலில் பார்த்தது இந்த முகத்தைத்தான். எது படம் ஆகாது என்பதற்கு.

"தண்ணி குடிக்கிறீங்களாண்ணா?" என்றாள் நஸ்ரின்.

"வேண்டாம்."

"ஒண்ணை மட்டும் எடுத்துக்கங்க. எல்லாத்தையும் எடுத்தா மேல கேப்பாங்க."

கடைசியில் இருந்ததை எடுத்துக்கொண்டான். அதில் சுகந்தி ஒன்றும் காட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. கூடத்தின் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

*

காகிதத்தில் அச்சடிக்க ஆள் தேடினான். திருமணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் ஒருவர் ஒப்புக்கொண்டார். எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மணி நேரா பாக்குறாங்களே, வேற படம் இல்லீங்களா?" என்றார். இல்லை என்றான்.

படத்தைச் சோபாவில் சாய்த்து வைத்து அமிழ்தினியைக் கூப்பிட்டான். அவள் ஓடி வந்தாள். அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். உடனே, யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிச் சிரித்தாள்.

அழகான சிரிப்பு. அவன் கற்றுக்கொடுத்த கோணம்.

சொட்டு விழவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு ஓரக்கண்ணால் படத்தைப் பார்த்தாள்.

"இது கெட்டுப்போன படமாப்பா?"

"யார் சொன்னது?"

"மிஸ்தான். நேரா பாத்தா கெட்டுப்போயிரும்."

"இல்ல. கெட்டுப்போகல."

"யாரைப் பாக்குறாங்க?"

உன்னைத்தான் என்று சொல்ல வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். வாயில் வரவில்லை.

"முன்னாடி யார் நிக்கிறாங்களோ அவங்களை."

"நான்தான் நிக்கிறேன்."

"அப்ப நீதான்."

அவள் நம்பவில்லை. இடது பக்கம் நாலடி நடந்து போய்த் திரும்பிப் பார்த்தாள். வலது பக்கம் போனாள். சமையலறை வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்தாள்.

"அப்பா, இங்க வந்தாலும் பாக்குறாங்க."

"ம்."

"நீ அங்க நிக்கிறியே, உன்னையவும் பாக்குறாங்களா?"

அவன் பார்த்தான். "ஆமா."

"ரெண்டு பேரையுமா? எப்படி?"

லென்ஸை நேராகப் பார்த்து எடுத்த முகம், பார்ப்பவர் எங்கே நின்றாலும் அவரையே பார்க்கும். அவன் படித்த இயற்பியல்தான். அதை மூன்றே முக்கால் வயதுக்குச் சொல்ல ஒரு வழி யோசித்துக்கொண்டிருந்தான். அவள் அதற்குள் மேசைக்கு அடியிலிருந்து சொன்னாள்:

"அப்ப கோவம் இல்ல."

படத்தைக் கிழக்குச் சுவரில் மாட்டினான்.

*

பதினொரு நாள் கழித்து நஸ்ரின் அழைத்தாள்.

"அண்ணா, உங்க கூடத்துல பதினொரு நாளா ஒரு படம்கூடத் தேறல. எச்சரிக்கை வந்திருக்கு. பூச்சு எங்கயாவது உரிஞ்சிருக்கா?"

"இல்ல."

"காரணம் நேர்நோக்குன்னு வருது. இடைவிடாம. யாரோ ராப்பகலா சுவரையே பாத்துட்டு நிக்கிற மாதிரி." அவள் சற்று நிறுத்தினாள். "அந்தப் படத்தை மாட்டிட்டீங்களா?"

"மாட்டிட்டேன்."

"அய்யோ. மூணு சுவருக்கும் அண்ணி நேராத்தான் தெரிவாங்க. உங்க ரூல்தாண்ணா, ஒரு முகம் பாத்தாலே போச்சு."

"தெரியும்."

"பாப்பா வளர்ற வயசு. ஒரு படம்கூட இருக்காது. நாளைக்கு நீங்களே வருத்தப்படுவீங்க. பிள்ளைங்க படத்துக்கு உங்களை மாதிரி கிறுக்கு யாருக்கு இருக்கு?"

அவள் சொன்னது சரி. இந்தப் பதினொரு நாளில் அமிழ்தினி தானாகச் சட்டை போடக் கற்றிருந்தாள். பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வயிற்றைத் தள்ளி நின்றாள். அதற்குப் படம் இல்லை. அப்போது அவன் விரல்கள், கேமராவைப் பிடிப்பதுபோல, தாமாக மடங்கியதை அவனே கவனித்தான்.

"ஒரு வழி இருக்குண்ணா. சாமி படத்துக்கு விலக்கு உண்டு. முருகர், மேரி மாதான்னு எல்லா வீட்லயும் நேராத்தானே பாக்குறாங்க. அந்தப் பட்டியல்ல அண்ணியையும் சேத்துர்றேன். இறந்தவங்களைச் சாமின்னுதானே உங்க வீட்ல சொல்லுவீங்க? தப்பில்ல."

"சேத்தா என்ன ஆகும்?"

"தேர்விக்கு அது முகமாத் தெரியாது. சுவத்துல ஒரு பொருள், அவ்வளவுதான். அது பாக்குறதைக் கண்டுக்காது. சொட்டு பழையபடி விழும்."

பூபதி கிழக்குச் சுவரைப் பார்த்தான்.

"அப்ப அவ பாக்கலன்னு ஆயிரும்."

"பொறிக்குத்தாண்ணா."

"இத்தனை வருஷமா பொறிக்கு மட்டும்தான் அவ பாத்தது தெரியும். எனக்குத் தெரியல."

படத்தின் கீழ்முனையை விரலால் நேராக்கினான்.

"வேண்டாம் நஸ்ரின். ஆளாவே இருக்கட்டும்."

"சரிங்ண்ணா," என்றாள். "எச்சரிக்கையை நான் மூடிர்றேன்."

அவன் தட்டு எடுத்து வைத்தான். தயிர்சாதம், மாங்காய்த் துண்டு. அமிழ்தினி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்தாள். கை நின்றது. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. சிரித்தாள்.

காத்திருந்தாள்.

"அப்பா, சொட்டு விழவே மாட்டேங்குது."

"அம்மா பாக்குறாங்கல்ல. அதான்."

அவள் இதை யோசித்தாள். படத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"அப்ப சிரிக்க வேண்டாமா?"

"வந்தா சிரி. வரலன்னா வேண்டாம்."

சிரிப்பை இறக்கி வைத்தாள். கனமான எதையோ இறக்கி வைப்பதுபோல. பிறகு தின்றாள். தயிர் முகவாயில் ஒழுகியது. துடைக்கவில்லை. மாங்காய்த் துண்டைக் கடித்து, புளிப்பில் ஒரு கண்ணை மூடினாள்.

மூடிய கண்ணைத் திறந்தபோது அவனைப் பார்த்தாள். நேராக. வாய் நிறையச் சோற்றோடு, சிரிக்காமல், அவன் முகத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல. அவனும் பார்த்தான். அவன் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"என்னப்பா?"

"சும்மா."

"சும்மான்னா?"

"சும்மா பாத்துட்டிருக்கேன்."

"நானும்," என்றாள்.

நான்கு சுவர்களும் அதைப் பார்த்தன. பார்த்துவிட்டு, விட்டுவிட்டன.